கோடைச் சூறைக்காற்று: கூரை, வாழை, மா, மாடு எல்லாவற்றையும் காப்பாற்ற எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது (தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு முழுமையான வழிகாட்டி)

பங்குனி பிறந்ததிலிருந்து வைகாசி முடியும் வரை நம் இரண்டு மாவட்டங்களிலும் விவசாயம் செய்கிறவர்களுக்கு மழை வராதா என்று ஒரு ஏக்கம், மழையோடு காற்றும் வந்துவிடுமோ என்று ஒரு பயம். அந்தக் காற்றுக்கு எப்படித் தயாராவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தோட்டம் வாங்கியவர்களும், வெளியூரிலிருந்து திரும்பி வந்து விவசாயத்தில் இறங்கியவர்களும் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைப் பல கோடைகளாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் வேலை செய்யாமல் இருப்பதில்லை. வரிசை மாற்றிச் செய்கிறார்கள். மேகம் கறுத்த பிறகு வாழைக்கு முட்டுக் கொடுக்க ஓடுகிறார்கள், மாசியில் செய்திருக்க வேண்டிய கூரை வேலையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

1. வரப்போவது எப்படிப்பட்ட காற்று?

வங்கக் கடலில் புயல் உருவானால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பெயரோடு எச்சரிக்கை வந்துவிடும். கோடைச் சூறைக்கு அந்த அவகாசம் கிடையாது. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். பகல் முழுவதும் காற்றே அசையாமல் புழுங்கும். மூன்று மணிக்கு மேல் மேகம் திரளும், ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வெயிலில் சூடேறிய காற்று மேலே எழும்பி இடிமேகமாகிறது. அந்த மேகத்திலிருந்து மழை இறங்கும்போது, அடியில் இருக்கும் வறண்ட காற்றில் துளிகள் ஓரளவு ஆவியாகிவிடும். அதனால் அங்குள்ள காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, வேகமாகக் கீழே இறங்கும். தரையில் மோதியதும் அதற்கு மேலும் போக வழியில்லை. குடத்து நீரை முற்றத்தில் கொட்டினால் நாலாபுறமும் பாய்கிற மாதிரி பரவும். நம்மைத் தாக்குவது இந்தப் பரவும் காற்றுதான். அதனால்தான் மழைக்கு முன்னாலேயே காற்று வருகிறது, வரும்போது சில்லென்று இருக்கிறது. மேகம் இருக்கும் இடத்தைப் பொறுத்து திசையும் மாறும். போன வருடம் மேற்கிலிருந்து அடித்தது என்பதற்காக இந்த வருடமும் அங்கிருந்தே வரும் என்று சொல்ல முடியாது.

கடல் தூரத்தில் இருக்கிறதே, நமக்கென்ன என்று நினைப்பது பெரிய தவறு. அமெரிக்காவின் அயோவா மாநிலம் கடலை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அங்கே இடிமேகங்கள் வரிசை கட்டி வந்து, சில இடங்களில் மணிக்கு 225 கி.மீ. வரை போயிருக்கும் என்று மதிப்பிடப்பட்ட காற்று வீசியது. லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளம் தரையோடு படுத்துவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இப்படி அடித்துக்கொண்டே போகும் காற்றுக்கு அங்கே ‘டெரெச்சோ’ என்று பெயர். நம்மூர்க் காற்று பெரும்பாலும் அவ்வளவு தூரம் ஓடாது. ஒரு ஒன்றியத்தில் அடித்துப் பக்கத்து ஒன்றியத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் உருவாகும் விதம் ஒன்றேதான்.

இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். கடலில் காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால் அதைப் புயல் என்கிறார்கள். இடியோடு வரும் காற்றிலும் 62 முதல் 87 கி.மீ. வரை போவதை வானிலைத் துறை ‘கடுமையானது’ என்ற வகையில் வைக்கிறது. அதாவது, அடிக்கிற பத்து இருபது நிமிடத்துக்கு உங்கள் கொட்டகைக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நாலு மடங்காகும். 45 கி.மீ. காற்றில் அசையாமல் நின்ற கூரை 90 கி.மீ. காற்றிலும் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2. மாசிக்குள் வாங்கி வைக்க வேண்டியவை

சித்திரையில் காற்று அடித்த மறுநாள் போச்சம்பள்ளியிலோ அரூரிலோ ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் தாங்காது, கேட்ட அளவும் இருக்காது. முன்பே வாங்கிவிடுங்கள்.

தகரக் கூரைக்கு ரப்பர் வாஷரோடு வரும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, இரும்புக் குழாய்ச் சட்டமாக இருந்தால் குழாயைக் கொக்கிபோல் வளைத்துப் பிடிக்கும் ஜே போல்ட். 8 அல்லது 10 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஒரு சுருள். வாழைக்குச் சவுக்குக் கழி அல்லது மூங்கில், கட்டுவதற்கு நைலான் கயிறு, பழைய சாக்கு. கை ரம்பம், நல்ல ஏணி, டார்ச், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்.

இவற்றோடு சேர்த்து ஒரு காகித வேலையும் இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடான அடங்கலில் இந்த வருடப் பயிர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வயலில் வாழை நிற்கும், அடங்கலில் போன வருடத்து ராகி இருக்கும். அப்படி இருந்தால் பின்னால் என்ன பாடு என்பதைப் பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

3. முதல் வேலை கூரை

மரத்துக்கும் வாழைக்கும் முன்னால் கூரையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், உயிரை எடுப்பது அதுதான். 2018 மே 2 அன்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் இடிந்த சுவருக்கும் கூரைக்கும் அடியில் சிக்கியவர்கள்.

கூரையைக் காற்று மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, மேல்நோக்கி இழுத்துப் பிடுங்குகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ அழுத்தம். 10 அடி நீளம், மூன்றரை அடி அகலம் உள்ள ஒரு தகரம் மூன்றேகால் சதுர மீட்டர். அந்த ஒரு தகரத்தை மட்டும் 120 கிலோவுக்கு மேல் மேலே தூக்கப் பார்க்கும். ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இதைவிட அதிகம்.

இப்போது நம் பக்கம் பரவலாக இருக்கும் பழக்கத்தைப் பாருங்கள்: தகரத்தின் மேல் கருங்கல், பழைய டயர், மணல் மூட்டை. 20 கிலோ கல் 120 கிலோ இழுப்பை என்ன செய்யும்? தகரம் எழும்பும்போது கல் உருண்டு கீழே இருப்பவர் தலையில் விழும். கல் வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கூரை வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஏணி போட்டு ஒவ்வொரு ஆணியையும் பாருங்கள். ஆணி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், ஆணியைச் சுற்றி இருக்கும் ஓட்டையையும் பார்க்க வேண்டும். தகரம் காற்றில் வருடக்கணக்காக அதிர்ந்து அதிர்ந்து வட்டமாக இருந்த ஓட்டை நீண்டு போயிருக்கும். விளிம்பில் துரு ஏறி, விரலால் அழுத்தினாலே தகரம் ஆணித்தலையைத் தாண்டி மேலே வரும். கீழிருந்து பார்க்கிறவருக்கு ஆணி அடித்த கூரையாகத்தான் தெரியும், ஆனால் பிடிப்பு எதுவும் இருக்காது. அந்த இடத்தில் பழைய ஓட்டையிலேயே புது ஆணி அடிக்காதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாக ஸ்க்ரூ போட்டு, பழைய ஓட்டையை அடைத்துவிடுங்கள். கல்நார் சீட் போட்ட கூரையாக இருந்தால் மேலே ஏறி நிற்கவே வேண்டாம். பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

அடுத்து ஓரங்கள். நடுக் கூரையில் தகரத்தின் இரண்டு மேட்டுக்கு (அலைபோல் உயர்ந்த வரிக்கு) ஒரு ஸ்க்ரூ போதுமானால், இறவாணத்திலும் (கூரையின் கீழ் விளிம்பு) மூலையிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று வேண்டும். இறவாணம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிக் குறையுங்கள். நீட்டிய பகுதிக்கு அடியில் புகும் காற்றுதான் முதல் தகரத்தைக் கிளப்புகிறது.

பிறகு சட்டம். இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். தகரத்தைச் சட்டத்தோடு நன்றாக முறுக்கியிருப்பார்கள், சட்டத்தைச் சுவரோடு எதுவும் பிடித்திருக்காது, சும்மா சுவர் மேல் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட கூரை சட்டத்தோடு மொத்தமாகக் கிளம்பிப் பக்கத்துக் காட்டில் போய்ச் சாயும். ஜி.ஐ. கம்பியைச் சட்டத்தின் மேல் போட்டு, சுவரின் இரண்டு புறமும் இறக்கி, இரண்டரை அடி ஆழத்தில் புதைத்த கல்லோடு முறுக்குங்கள். வேலிக்கு நடும் கல்தூண் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். உடைந்த துண்டுகளை விலைக்குப் போடாமல் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக் கொட்டகையும் கோழிக் கொட்டகையும் பக்கம் திறந்தவை. அங்கே காற்று மேலிருந்து இழுக்கும்போதே கீழிருந்தும் தள்ளும். வீட்டுக் கூரைக்கு எத்தனை கட்டு போட்டீர்களோ அதைவிட நெருக்கமாக இங்கே போட வேண்டும். வீட்டைவிடக் கொட்டகைக்குக் குறைவாகச் செலவு செய்தால் போதும் என்ற கணக்கு காற்றிடம் எடுபடாது.

கடைசியாகக் கதவு. எதிரெதிர் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று ஊடுருவிப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் காற்று வரும் பக்கம் ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளி இழுப்பும் உள் தள்ளலும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் சாத்த வேண்டும். அதற்கு நல்ல தாழ்ப்பாள் வேண்டும். இப்போதே மாற்றுங்கள்.

4. பறக்கக்கூடிய மற்றவை

மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் பறக்கும். 500 லிட்டர் நிரம்பியிருந்தால் 500 கிலோ, அசையாது. கோடை முழுவதும் மதியத்துக்குள் தொட்டியை நிரப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோலார் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் பலகையைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளை மாசியில் ஒருமுறை முறுக்கிவிடுங்கள். கையால் சாய்வு மாற்றும் வகையாக இருந்தால், எச்சரிக்கை வந்த நாளில் பலகையைக் கிடைமட்டமாக்கிப் பூட்டிவிடலாம். நிமிர்ந்து நிற்கும் பலகையைக் காற்று பாய்மரமாக்கிவிடும்.

ஓசூர், தளி, சூளகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜாவும் குடைமிளகாயும் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று. கிழிந்த பாலித்தீனை ஒட்டாமல் விடுவதுதான் அங்கே எல்லாச் சேதத்துக்கும் தொடக்கம். கையளவு கிழிசலில் காற்று புகுந்து படபடத்தால் சில நிமிடங்களில் ஒரு பக்கமே உரிந்துவிடும். பக்கத் திரைகளைச் சுருட்டும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நிழல்வலையை மட்டும் கட்டியிருந்தால், எச்சரிக்கை நாளில் அவிழ்த்துச் சுருட்டிவிடுவது நல்லது.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கம்பி இழுப்பவர்கள் இரண்டு முனைக் கம்பங்களுக்கும் வெளிப்பக்கமாகச் சாய்வுக் கம்பி இழுத்து முளை அடித்தால் போதும். முனை சாய்ந்தால்தான் வரிசை முழுவதும் சாய்கிறது.

5. வாழை

வாழைக்கு வேர் மேலாக ஓடும், தண்டில் மரம் கிடையாது, உச்சியில் 20, 25 கிலோ தார் தொங்கும். காற்றுக்கு இதைவிட எளிதான இரை வேறு இல்லை. தார் விட்ட வாழை ஒரு மாலையில் படுத்துவிட்டால் ஒரு வருட உழைப்பு போகும்.

முட்டுக் கொடுக்க வேண்டிய நேரம் பூ வெளியே வந்தவுடன். தார் பெருத்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். அதற்குள் மரம் தார்ப் பக்கம் சாய ஆரம்பித்திருக்கும், மறுபுறம் வேர் கிளம்பியிருக்கும். அதன் பிறகு கழியை வைத்து நிமிர்த்தினால் இன்னும் கொஞ்சம் வேர் அறும்.

முட்டுக் கொடுப்பதற்கு முன் மண் அணைத்துவிடுங்கள். அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண் ஏற்றினால்தான் மேலே வைக்கும் கழிக்கு அர்த்தம். அடி ஆடினால் கழியும் சேர்ந்தே போகும்.

ஒரு மரத்துக்கு இரண்டு கழி. இரண்டையும் மேல் முனையில் கத்தரிபோலக் கட்டி, தார் சாயும் பக்கத்தில், தாரின் காம்புக்குக் கீழே கழுத்துப் பகுதியைத் தாங்கும்படி வையுங்கள். கழியின் அடி முனை முக்கால் அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். தரை மேல் சும்மா ஊன்றிய கழி மழையில் வழுக்கிவிடும்.

கட்டும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நைலான் கயிற்றை நேரடியாகத் தண்டில் சுற்றி இறுக்கினால் மரம் பெருக்கும்போது கயிறு உள்ளே இறங்கும். கழுத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் விழும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். காற்று வந்தால் மரம் சரியாக அந்த வளையத்தில்தான் ஒடியும். பார்க்கிறவர்கள் முட்டுக் கொடுத்தும் பயனில்லை என்பார்கள், ஒடித்தது முட்டுதான். சாக்குத் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன் மேல் எட்டு வடிவத்தில் கயிற்றைப் போட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள்.

கழிக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பக்கத்து வரிசை மரங்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டலாம். தார்கள் எதிரெதிர்ப் பக்கம் சாயும் இரண்டு மரங்களைச் சோடி சேர்த்தால் ஒன்றின் பாரத்தை மற்றது பிடிக்கும். ஆனால் வரிசையின் கடைசி மரத்தைத் தரையில் முளை அடித்துக் கட்டாமல் விட்டால், ஒன்று விழும்போது அத்தனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். முளை அடிக்க முடியாது என்றால் இந்த முறையே வேண்டாம்.

எச்சரிக்கை வந்த நாளில் வாழைக்குத் தண்ணீர் விடாதீர்கள். ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிப்பு இல்லை. காய்ந்து தொங்கும் சருகுகளை அறுத்துவிடுங்கள். பச்சை இலையை அறுக்க வேண்டாம், அது தார் பெருக்கத் தேவை.

6. மா, தென்னை, வேலி மரங்கள்

மாமரத்தில் காற்றுக்கான வேலையைச் சித்திரையில் செய்ய முடியாது. அறுவடை முடிந்த கையோடு, ஆடி ஆவணியில் கவாத்து செய்கிறபோதே காற்றை நினைத்துச் செய்ய வேண்டும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, நடுவில் அடர்ந்து வெளிச்சத்தை மறைக்கும் கிளை இவற்றை எடுத்தால் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும். ஆங்கில ‘வி’ எழுத்துபோல் குறுகலாகப் பிரியும் இரண்டு பெரிய கிளைகளில் ஒன்றை மரம் இளசாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெங்களூரா ரக மாந்தோப்புகளில் காற்றுக்குப் பிறகு நடந்து பார்த்தால் பிளவு அந்தச் சந்திலிருந்தே தொடங்கியிருப்பது தெரியும்.

காய் முற்றிய மரத்தை எச்சரிக்கை வந்த நாளில் ஓரளவு பறித்துவிடலாம். முற்றாத காயைப் பயத்தில் பறிக்காதீர்கள். பறித்த காய் நிச்சயம் நட்டம், காற்று நம் தோட்டத்துக்கு வருமா என்பது நிச்சயமில்லை.

தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றிய குலையும் இறக்கியிருக்க வேண்டும். வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மேல் சாய்ந்திருக்கும் மரம்தான் முதலில். புளியமரம் பழசாகிப் பொந்து விழுந்திருந்தால், அதன் அடியில் மாட்டைக் கட்டும் வழக்கத்தை மாற்றுங்கள். மின்கம்பி உரசும் கிளையை நீங்களே வெட்டக் கூடாது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் ஓரத்தில் காற்றுத்தடுப்பு வைத்துவிடுங்கள். வாழைக்குச் சித்தகத்தி ஒரே பருவத்தில் வந்துவிடும், நிரந்தரமாக என்றால் சவுக்கு, சில்வர் ஓக். மர வரிசையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறைந்திருக்கும். 30 அடி மரம் 300 அடிக்குக் காவல். கொஞ்சம் காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்டு நடுங்கள். மதில் மாதிரி அடைத்தால் காற்று மேலே ஏறிக் குதித்து, அடுத்த பக்கம் சுழன்று அடிக்கும்.

7. எச்சரிக்கையைப் பார்ப்பது

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. காலையில் வானிலைத் துறையின் மாவட்ட முன்னறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. மதியத்துக்கு மேல் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு வரும், கோடைக் காற்றுக்கு அதுதான் அதிகம் பயன்படுவது. ‘மௌசம்’, ‘டிஎன் அலர்ட்’ செயலிகளைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்னலுக்கு ‘தாமினி’ இருக்கிறது.

ஆனால் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கை வரும். தேன்கனிக்கோட்டையில் அடிப்பது ஊத்தங்கரையில் அடிக்காது. இரண்டு முறை எச்சரிக்கை வந்து நம் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மூன்றாவது முறை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த அலட்சியம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் ஆபத்து. கோடையில் வரும் ஒவ்வொரு ஆரஞ்சுக்கும் தொட்டியை நிரப்புவது, தண்ணீர் பாய்ச்சாமல் இருப்பது, மாட்டை மரத்தடியிலிருந்து மாற்றுவது இந்த மூன்றையும் செய்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

வானத்தையும் பாருங்கள். அடிவானத்தில் கருமையான மேகம் உருளையாகத் தாழ்ந்து நீளமாக வந்தால், அதற்குக் கீழே செம்மண் புழுதி சுவர்போல் எழும்பினால், அதுவரை புழுங்கிய இடத்தில் திடீரென்று சில்லென்று ஒரு காற்று முகத்தில் பட்டால், நேரம் மிகக் குறைவு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் மின்னல் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. அப்போதே உள்ளே போய்விட வேண்டும்.

8. மேகம் கறுத்த பிறகு

இந்த நேரத்தில் கூரையில் ஏறாதீர்கள், வாழைக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், சிந்திய மாங்காயைப் பொறுக்கப் போகாதீர்கள். செய்யக்கூடியது நாலு காரியம்.

வயலில் இருப்பவர்களைப் போன் போட்டுக் கூப்பிடுங்கள், முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில். மாடு ஆடுகளை மரத்தடியிலிருந்தும் மண்சுவர் ஓரத்திலிருந்தும் அவிழ்த்துவிடுங்கள். நல்ல கொட்டகை இருந்தால் உள்ளே கட்டலாம், இல்லையென்றால் வெட்டவெளியில் கயிற்றைக் கழற்றி விடுவதே மேல். மோட்டார் ஸ்விட்சையும் வீட்டு மெயினையும் நிறுத்துங்கள். கதவு சன்னலைச் சாத்தித் தாழிடுங்கள்.

அப்புறம் தளம் போட்ட கட்டடத்துக்குள், சன்னலை விட்டுத் தள்ளி இருங்கள். தகரக் கூரை வீடு மட்டும் இருப்பவர்கள் பக்கத்துத் தளவீடு, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று எங்கே போவது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

பைக்கில் போகும்போது காற்று வந்தால் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒதுங்குவது நம் பழக்கம். மழைக்குச் சரி, காற்றுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. விளம்பரப் பலகை, பெட்ரோல் பங்க் கூரை, தகர டீக்கடை எதுவும் வேண்டாம். கட்டடம் எதுவும் கிடைக்காவிட்டால் மரத்தையும் கம்பத்தையும் விட்டு விலகி, வண்டியை நிறுத்திவிட்டுத் தாழ்வான இடத்தில் குந்தி உட்காருங்கள்.

9. காற்று நின்றதும்

முதல் ஓய்வு வந்ததும் வெளியே ஓடாதீர்கள். பின்னால் இன்னொரு மேகம் வரிசையில் இருக்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும்.

வெளியே வந்ததும் முதலில் மேலே பாருங்கள், பிறகு கீழே. அறுந்த கம்பி கிடந்தால் அது செத்த கம்பி என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். 10 மீட்டருக்குள் போகாதீர்கள். ஈரத் தரையிலும் கம்பிவேலியிலும் மின்சாரம் ஓடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. லைன்மேன் வந்து சொல்லும் வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இருட்டிவிட்டால் வயலைப் பார்க்கும் வேலையை விடியும் வரை தள்ளிப்போடுங்கள்.

மறுநாள் காலை எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் போட்டோ. தேதியும் இடமும் பதியும்படி போனில் அமைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து தோட்டம் முழுவதும் தெரிய ஒன்று, வரிசை வரிசையாகச் சில, ஒடிந்த இடம் தெரியப் பக்கத்தில் சில. சர்வே எண் கல்லோ கிணறோ ஏதாவது அடையாளம் படத்தில் விழ வேண்டும்.

படம் எடுத்தாயிற்றா? சரி, இப்போது பிழைக்கக்கூடியதைப் பிழைக்க வையுங்கள். வேரோடு சாய்ந்த இளம் மாங்கன்றையும் தென்னங்கன்றையும் ஓரிரு நாளுக்குள் நிமிர்த்திவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மாவில் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைத்து, மெதுவாக நிமிர்த்தி, மண் அணைத்து, மூன்று பக்கமும் கட்டுங்கள். முறிந்த கிளையை ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். அதற்கு ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துச் சேர்க்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது.

ஒடிந்த வாழையில் முக்கால் பங்கு முற்றிய தார் இருந்தால் அன்றைக்கே வெட்டி அனுப்புங்கள். மற்றதைக் காய் வியாபாரத்துக்குப் பேசலாம். ஒடிந்த தண்டை வெட்டிவிட்டு, நல்ல பக்கக்கன்று ஒன்றை மட்டும் விட்டால் அதே அடியிலிருந்து அடுத்த பயிராக மறுதாம்பு வரும். விழுந்த மாங்காயைப் பறித்த காயோடு கலக்கவே கூடாது. அடிபட்ட காய் இரண்டு நாளில் கறுத்து, கூடவே இருக்கும் நல்ல காயையும் கெடுக்கும், மண்டியில் மொத்தச் சரக்குக்கும் விலை இறங்கும். தனியாகப் பொறுக்கி ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் கொடுத்துவிடுங்கள்.

10. மனுவும் காகிதமும்

கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் அதே நாளில் எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னேன் என்பது எங்கும் நிற்காது. மனுவில் சர்வே எண், பரப்பு, பயிர், எத்தனை மரம், காற்று அடித்த நாள், நேரம் எல்லாம் இருக்கட்டும். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ இணைக்க வேண்டும். பேரிடர் நிவாரண விதிகளில் பயிருக்கு 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் சேதம் என்பதுதான் அளவுகோல். அதனால் ‘நிறைய விழுந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். மொத்தம் எத்தனை, விழுந்தது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

அடங்கலை முன்பே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அதிகாரி நேரில் வந்து விழுந்த வாழையைப் பார்த்தாலும், பதிவில் ராகி இருந்தால் அவரால் வாழைக்கு எழுத முடியாது.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். காற்றுச் சேதம் எந்தப் பயிருக்கு எந்த அளவில் அடங்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆகவே கட்டணம் கட்டும் நாளிலேயே அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள்.

மாடோ ஆடோ இறந்திருந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்கும் முன் புதைக்காதீர்கள். வீட்டுக் கூரை போனவர்கள் புதுத் தகரம் போடும் முன் படம் எடுத்து, வாங்கிய பொருளுக்கு ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.